பொத்தான் இல்லாத மன்றம்

ஐந்து வருடம் தில்லியில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு, அடுத்த தேர்தலில் தோற்று, இப்போது திருவண்ணாமலையில் ஒரு வார்டுக்குக் கவுன்சிலராக இருக்கிறேன். பெரிய பஸ்ஸிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறியவன் என்பாள் என் மனைவி. ஆட்டோவில்தான் குலுக்கல் ஜாஸ்தி.

தில்லியில் நான் தாராளவாதி. பேச்சுரிமை, பிழைப்புரிமை என்று மேடைதோறும் முழங்குவேன். ஆனால் வாக்கெடுப்பு என்று வந்தால், எதிரே பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பொத்தான்கள். கட்சி ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் இழுத்தால் மஞ்சளை அழுத்திவிடுவேன். எந்தப் பக்கமும் இல்லை என்று அர்த்தம். முடிவுப் பலகையில் எரியும் அத்தனை விளக்குகளுக்கு நடுவே என் மஞ்சளை யார் பார்த்தார்கள்?

இங்கே கையைத் தூக்க வேண்டும்.

போன மாதக் கூட்டத்தில், கிரிவலப் பாதையில் என் வார்டுக்குள் நிற்கும் தள்ளுவண்டிகளை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. கொண்டுவந்தது என் கட்சிதான். பார்வையாளர் பெஞ்சில், பௌர்ணமிதோறும் அங்கே சுண்டல் விற்கும் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த வண்டி போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. "நான் எதிர்ப்பேம்மா" என்று காலையில்தான் வீரமாகச் சொல்லியிருந்தேன்.

"எதிர்க்கிறவங்க கை தூக்குங்க" என்றார் மன்றத் தலைவர்.

என் விரல்கள் பழக்கதோஷத்தில் மேசையில் பொத்தானைத் தேடின. அகப்பட்டது பாதி தின்ற பிஸ்கட். வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினேன். நான் ஒருவன் மட்டும். கை கிடுகிடுவென்று ஆடியது.

"அண்ணே, எதிர்க்கிறீங்களா, டாட்டா காட்றீங்களா?" என்றார் பக்கத்து வார்டுக்காரர். மன்றமே சிரித்தது.

"தண்ணி ஏதாவது வேணுங்களாண்ணே?" என்று தலைவர் பரிவோடு கேட்டார். தப்பிக்க அருமையான வழி. ஆமாம் என்று சொல்ல வாயும் திறந்துவிட்டேன். அதற்குள் அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"தண்ணியும் வேணுங்க. எதிர்க்கிறேன்னும் எழுதிக்குங்க. வேற எடம் காட்டாம வண்டிய எப்படி எடுப்பீங்க?" என்றேன்.

சிரித்தவர்களில் சிலருக்குத் தங்கள் வார்டு வண்டிகளும், வண்டிக்காரர்களின் ஓட்டும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு கைகள் எழுந்தன, பிறகு இன்னும் சில. மாற்று இடம் பார்த்த பிறகு பேசலாம் என்று தலைவர் தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்.

வாசலில் அந்த அம்மா காத்திருந்தார். "அப்போ இந்தப் பௌர்ணமிக்கு வண்டி போடலாங்களா?"

"போடுங்கம்மா."

"மறுபடி கொண்டாந்தாங்கன்னா?"

"மறுபடியும் தூக்குவேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்காவது சாப்ட்டுட்டு வாங்க. பாக்கவே பயமா இருந்துச்சு."