சித்தப்பா புகை போட்ட கோழி

சித்தப்பா பிரான்சிலிருந்து விசுவமடுவுக்கு வந்தது எங்களுக்குக் கோழி புகை போட்டுத் தரத்தான் என்று நான் நம்பியிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா பிரான்சுக்குப் போய் ஐந்து வருடமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த அவருடைய தொலைபேசி அழைப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. விசா அலுவலாய்த் திரிகிறார் என்று அம்மா சொல்லுவார். விசா வந்ததும் அம்மாவும் நானும் அங்கே போவதாக ஏற்பாடு.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அங்கே ஓர் உணவகத்தில் சமையல் வேலை. வந்த அன்றே அம்மா வளர்த்த கோழிகளில் இரண்டை உரித்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். மறுநாள் காலை, கிணற்றடியில் கிடந்த இரும்புப் பரலை, அந்தப் பழைய எண்ணெய்ப் பீப்பாயை, நிமிர்த்தி, அடிப்பக்கத்தில் காற்றுக்கு ஓட்டை போட்டு, நடுவில் கம்பி வலை வைத்தார். கொய்யா விறகு தணலானதும் நனைத்த தேங்காய்ப் பொச்சைப் பிய்த்துப் போட்டு, கோழிகளை வலையில் கிடத்தித் தகரத்தால் மூடினார். வெள்ளைப் புகை வேலி தாண்டிப் போனது.

பட்டரை உருக்கி, இடித்த உள்ளிப்பூடும் மிளகும் பிழிந்த தேசிக்காய்ப் புளியும் கலந்து, ஒரு கறிவேப்பிலைக் கொத்தோடு என்னிடம் தந்தார்.

“பிள்ளை, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா தடவோணும். மறந்தியோ, காய்ஞ்சு கட்டையாப் போகும்.”

நான் மறக்கவில்லை. சித்தப்பாதான் எதையோ மறந்தவர்போல, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசல்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தார். தொட்டுக்கொள்ளும் சோஸை மூன்று தரம் செய்தார். தக்காளிச் சோஸில் நெடுங்கேணித் தேனும் இடித்த செத்தல் மிளகாயும் கலந்து, ருசி பார்த்து, சரியில்லை என்று வெளியே ஊற்றிவிட்டு, மறுபடியும் கலக்கினார்.

நான் மூன்றாம் தரம் தடவும்போது அம்மா வந்து கொத்தை வாங்கித் தானே தடவினார்.

“என்ன தம்பி, வந்ததிலயிருந்து ஒரு மாதிரி நிக்கிறியள். சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ.”

சித்தப்பா உள்ளே போய் ஒரு கடித உறையைக் கொண்டுவந்தார். “அண்ணி, நான் சொல்லிப் பாத்தனான். அண்ணை கேக்கேல்லை.”

அம்மா பரலடியில் நின்றபடியே வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு, “எங்க கையெழுத்து வைக்கோணும்?” என்று கேட்டார். விரலிலிருந்த பட்டர் பட்டுத் தாளின் ஓரம் கண்ணாடிபோல் ஆனது. சித்தப்பா அதைத் தன் சட்டையால் ஒற்றினார்.

“விசாப் பேப்பரோ அம்மா?” நான் துள்ளினேன். “அப்பா எங்களைக் கூப்பிடுறாரோ?”

சித்தப்பா தன் பேனையை அம்மாவிடம் நீட்டினார். அதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோழி பொன்னிறமாய் வந்தது. சித்தப்பா ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. புகை கண்ணுக்குள் போய்விட்டதென்று முகம் கழுவப் போனார். எப்போதும் கால்துண்டை என் சோற்றுக் கோப்பையில் போடுகிற அம்மா, அன்று முதலாவது கால்துண்டைத் தானே எடுத்து, சோஸில் தொட்டுத் தொட்டு, எலும்பு வெளுக்கும்வரை சாப்பிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது.

அது அப்பா கேட்ட விவாகரத்துக்கு அம்மா சம்மதிக்கிற கடிதம். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பமும் ஒரு கைக்குழந்தையும் இருந்தன. அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த மனிதருக்குச் சும்மா நிற்க முடியவில்லை, கோழியைப் பிடித்துக்கொண்டார். இவையெல்லாம் எனக்குத் தெரியவரப் பல வருடங்களாயின.

திங்கட்கிழமை, நாங்கள் பிரான்சுக்குப் போகப்போகிறோம் என்று வகுப்பில் சொன்னேன். ரீச்சர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“எல்லாரும் தட்டினவையோ?”

“ஓம் அம்மா, ரீச்சரும்.”

அம்மா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சந்தோசத்தில்தான் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.