பத்தாவது வீடு

"பேரு போடாத, கெல்வின். வீட்டு நம்பர் மட்டும் போடு. பேரு வாரா வாரம் மாறும் லா."

நான் பெயர்களை அழித்தேன். அக்டோபர் மாதச் செபமாலைக்கான அட்டவணை அது. நானும் அம்மாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

அம்மா பெயர் செசிலியா. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பழைய அடுக்குமாடியின் அன்பியத்துக்கு, அதாவது அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழுவுக்கு, பொறுப்பாளர். அக்டோபரில் மாதா சுரூபம், ஒரு சின்னச் சிலை, மாலைதோறும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். முன்பெல்லாம் முப்பத்தொரு நாளுக்கும் வீடு இருந்தது. இப்போது எங்களையும் சேர்த்து நான்கு. வாடகை ஏற ஏற, மற்றவர்கள் நகருக்கு வெளியே ரவாங் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் வீடுகளில் இன்று மடிக்கணினியும் முதுகுப்பையுமாக உலகம் சுற்றுகிறவர்கள் தங்குகிறார்கள். கதவுக்குக் கதவு நம்பர் பூட்டு.

கட்டடத்துக்கு அதிவேக இணையம் இழுத்தது நான் வேலை செய்யும் நிறுவனம். கேபிள் வரைபடம் என்னுடையது.

பத்து வீடு சேராவிட்டால் சுரூபத்தை ரவாங்குக்கு அனுப்பிவிடுவோம் என்று பங்குக் கோயிலில் சொல்லிவிட்டார்கள். அம்மா நம்பர் பூட்டுகளைத் தட்டத் தொடங்கினார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "பிரதர், வியாழக்கிழமை மாதா உங்க வீட்டுக்கு வராங்க. ஷூ வெளிய. வீட்ட கூட்டி வைங்க, ஓகே?" வாடகையில் இதுவும் அடக்கம் என்று நினைத்து எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒருவன் காதில் கருவியோடு மண்டியிட்டான். அலுவலகக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தன் குரலை மட்டும் மியூட்டில் வைத்திருந்தான். "பரவால்ல, மாதாவும் மியூட்லதான் இருக்காங்க," என்றார் அம்மா. செபம் முடிந்து கொடுத்த சுண்டலில் பால், முட்டை ஏதும் உண்டா என்று ஒருத்தி விசாரித்தாள். "கடலைம்மா! கடலைய எந்த மாட்டுல கறப்பாங்க?"

இன்னொருவன் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டான்: 'உள்ளூர் மூதாட்டி வழங்கும் இலவச ஆன்மிக அனுபவம்.' படித்துக் காட்டினேன். "அறுபத்து மூணு வயசு மூதாட்டியா? வரட்டும், அடுத்த தடவ முழு செபமாலையும் முட்டி போட வைக்கிறேன்." வீட்டுக்காரர் அந்த வரியை விளம்பரத்தில் சேர்த்து வாடகையை இன்னும் ஏற்றினார். தங்க வரும் கூட்டம் குறையவில்லை.

ஒன்பதாவது வீடு எங்களுடையது. செபம் முடிந்ததும் அம்மா சுரூபத்தைத் துண்டில் சுற்றிப் காய்கறி வாங்கப் போகும் பாசார் கூடையில் வைத்தார். மேலே ஒரு சீட்டு: '3-7. ஏழு மணி. பெல் வேலை செய்யாது, தட்டணும்.'

மறுநாள் விடியற்காலை குளியலறையில் விழுந்தார். மாரடைப்பு. மாலைக்குள் சவப்பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஏழரைக்கு, துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார நாற்காலி கேட்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். 3-7இன் கதவு திறந்திருந்தது. தரை கூட்டியிருந்தது. வாசலில் ஒரு ஜோடி ஷூ. உள்ளே, அங்கே வாடகைக்குத் தங்கியிருந்த பையன், யாரையோ எதிர்பார்த்து, வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான்.

கூடை எங்கள் வீட்டில் இருந்தது.