சர்க்கரை என்று கேட்டேன்

கல்யாணமாகி நான் மட்டாஞ்சேரிக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். பிறந்த வீடு திருச்சி. கணவர் வீட்டார் நாலு தலைமுறையாகக் கொச்சியிலேயே இருக்கிற தமிழர்கள். அவர்கள் பேசுவது தமிழா மலையாளமா என்று பிடிபடுவதற்கே எனக்கு ஆறு மாதம் ஆனது. அது பிடிபட்ட பிறகும் கடைத்தெருவில் எனக்கு ஒரே பெயர்தான். பாண்டி. தமிழ்நாட்டுக்காரர்களை அங்கே அப்படிச் சொல்வார்கள், சிலர் செல்லமாக, பலர் இளக்காரமாக. எது செல்லம், எது இளக்காரம் என்று பிரித்துப் பார்க்கிற பொறுமை எனக்குக் கிடையாது. யார் சொன்னாலும் சுள்ளென்று ஏறும்.

பி.ஏ. படித்துவிட்டு மூன்று வருஷமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கணவர் காலையில் மிளகு மண்டிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். மாமியாருக்குப் பகலெல்லாம் ஜபம். வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் ஜூனில் ஒரு டீச்சர் வேண்டும் என்று தெரிந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற சின்னப் பள்ளி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பள்ளித் தலைவி மதரின் முன்னால் நின்றேன்.

மதர் என் சர்டிபிகேட்டைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், எல்லாம் பிடித்திருந்தது. இரண்டு நிமிஷம் பேசவிட்டார். பிறகு, "நின்றெ மலையாளம் போரா, குட்டீ" என்றார். போதாதாம். இங்கிலீஷ் மீடியம்தானே மதர், பாட்டெல்லாம் இங்கிலீஷ்தானே என்றேன். "குஞ்ஞு கரயும்போள் இங்கிலீஷிலாணோ சமாதானம் பறயுந்நது?" என்று கேட்டார். அழுகிற குழந்தையை இங்கிலீஷிலா தேற்றுவாய்?

ஆனால் முடியாது என்றும் அவர் சொல்லவில்லை. அந்த வருஷம் ஈஸ்டர் சீக்கிரமே, மார்ச் கடைசியில் வந்தது. மறுநாள் திங்கட்கிழமை பள்ளியில் வருஷக் கடைசி விழா. குழந்தைகளுக்குத் தின்ன ஏதாவது செய்துகொண்டு வா, பெற்றோர்கள் வருவார்கள், எல்லாரோடும் கலந்து பேசு, அப்புறம் பார்க்கலாம் என்றார். பரீட்சை என்று அவர் சொல்லவில்லை. பரீட்சைதான் என்று எனக்குத் தெரியும்.

என்ன செய்துகொண்டு போவது? முறுக்கு கொண்டுபோனால் பாண்டி என்பது அச்சடித்த மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் ஓடினேன். வேதக்கார வீடு, என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர் செய்கிற ஐசிங் பிஸ்கட்டுக்குத் தெருவே காத்திருக்கும். முட்டை வடிவத்திலும் கோழிக்குஞ்சு வடிவத்திலும் வெட்டி, சுட்டு, மேலே வெள்ளையாகச் சர்க்கரைப் பூச்சு பூசி, அதன்மேல் மஞ்சளிலும் ரோஸிலும் கோலம் போடுவார். கோலம் என்றால் நான் விடுவேனா? "சேச்சி, சுடறது நீங்க, வரையறது நான்" என்று பேசி முடித்தேன்.

மாமியாருக்கு ஒரே கவலை. "முட்டை போடுவாளோ?" மாவில் போடவில்லை அம்மா, வெண்ணெய்தான் என்றேன். பூச்சுக்கு வழக்கமாக முட்டை வெள்ளைக்கருதான் அடிப்பார்கள், எனக்காகச் சேச்சி எலுமிச்சைச் சாற்றில் குழைக்க ஒப்புக்கொண்டிருந்தார். அதையும் சொன்னேன். "முட்டை மாதிரி வெட்டறேளே, அதுவும் முட்டைதானே" என்றார் மாமியார். இந்த வாதத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. பிஸ்கட் எங்கள் சமையலறைக்குள் வராது என்று சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்தேன்.

மாவுக்கு வேண்டிய சர்க்கரை சேச்சியிடம் இருந்தது. பூச்சுக்குப் பொடித்த சர்க்கரை என் பொறுப்பு. வியாழக்கிழமை கடைத்தெருவுக்குப் போனேன். நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்குகிற பலசரக்குக் கடை. கடைக்காரர் நடுவயது, மீசையும் கிண்டலும் உள்ளவர். ஐந்தாறு பேர் நிற்கும்போதே, "எந்தா பாண்டீ, இந்நு எந்தா வேண்டே?" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"பொடிச்ச சர்க்கரை, ரெண்டு கிலோ" என்றேன். "நல்லா மாவு மாதிரி பொடிச்சிருக்கணும்."

"பொடிச்ச ஷர்க்கரயோ?" என்று அவர் கண்ணை விரித்தார். "ரெண்டு கிலோயோ? வீட்டில் கல்யாணமாணோ?"

"அது உங்களுக்கு எதுக்கு? கட்டிக் குடுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். உள்ளே உரலில் இடிக்கிற சத்தம் கேட்டது. பாண்டி என்று சொன்னாலும், அதட்டிக் கேட்டால் இடித்தே தருகிறானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. பழைய செய்தித்தாளில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, சணல் போட்டுக் கட்டிய பொட்டலம் வந்தது. அப்படியே கொண்டுபோய்ச் சேச்சி வீட்டுப் பரணில் ஏற்றினேன்.

சனிக்கிழமை சுட்டோம். அலுமினியப் பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, கீழே அடுப்பு, மூடியின்மேல் சிரட்டைக் கனல். அதுதான் சேச்சியின் அவன். வெண்ணெயும் வெனிலாவும் சேர்ந்து வெந்த வாசனையில் தெருநாய்கூட வாசலில் வந்து உட்கார்ந்தது. சேச்சிக்கோ ஈஸ்டருக்கு முந்தைய அம்பது நாள் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடமாட்டார், நாக்கில் வைத்துப் பார்க்கவும் மாட்டார். அதனால் ருசி பார்க்கிற உத்தியோகம் எனக்கு. ஒவ்வொரு தட்டிலும் ஒன்று தின்று, "உப்பு சரி", "இன்னும் கொஞ்சம் சிவக்கலாம்" என்று அதிகாரம் செய்தேன். "நோன்பு எனிக்கு, சுகம் நினக்கு" என்று சேச்சி சிரித்தார். நூற்றுக்கு மேல் பிஸ்கட், முறத்தில் பரத்தி ஆறவைத்தோம். எனக்கு அப்போதே டீச்சர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். சேச்சி வீட்டு விருந்தெல்லாம் முடிந்து மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். எலுமிச்சம்பழம் பிழிந்தாயிற்று. மஞ்சள், ரோஸ், பச்சை மூன்று கலரும் கிண்ணத்தில் தயார். வெண்ணெய்க் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி நுனியை வெட்டி வைத்தாயிற்று. பரணிலிருந்து பொட்டலத்தை இறக்கிச் சணலை அறுத்தேன்.

உள்ளே இரண்டு கிலோ வெல்லம். நன்றாக மாவு மாதிரி பொடித்த, கறுத்த வெல்லம்.

சேச்சி என்னைப் பார்த்தார். நான் பொட்டலத்தைப் பார்த்தேன். "நீ அயாளோடு எந்தா சோதிச்சது?" என்று மெதுவாகக் கேட்டார். சர்க்கரை என்று கேட்டேன் என்றேன். சேச்சி தலையில் கை வைத்தார். மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். நம் சர்க்கரைக்கு அவர்கள் பஞ்சசார என்பார்கள். எனக்கு இது தெரியாதா என்ன? மூன்று வருஷமாகப் பஞ்சசார என்றுதான் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கோபத்தில் திருச்சி வாய்தான் பேசியிருக்கிறது. அந்த மனுஷன் நான் கேட்டதையே இடித்துக் கொடுத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மாசக் கடைசி, எங்கள் வீட்டு டப்பாவில் அடி தெரிந்தது. சேச்சி வீட்டில் இருந்ததெல்லாம் விருந்துக்குப் போய்விட்டது. இரண்டு வீட்டையும் வழித்துத் துடைத்ததில் ஒரு கரண்டி தேறியது. நான் பித்துப்பிடித்த மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டேன். மலையாளம் போதாது என்று சொன்னவரிடம், போதாது என்பதற்குச் சாட்சியாக நூறு பிஸ்கட்டைக் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். வேலை போச்சு என்று வாய்விட்டே சொன்னேன்.

"எழுந்நேல்க்கு பெண்ணே" என்று அதட்டினார் சேச்சி. வெல்லத்தைப் பாகு காய்ச்சினோம். கொஞ்சம் பால், கொஞ்சம் வெண்ணெய், விடாமல் கிளறினால் கெட்டியாகிப் பளபளவென்று வந்தது. கரண்டியால் எடுத்துப் பிஸ்கட்டின்மேல் ஊற்றிப் பரத்தினோம். கோழிக்குஞ்சுகள் எல்லாம் அடைகாக்கிற கிழட்டுக் கோழியின் நிறத்துக்கு வந்தன. இருந்த ஒரு கரண்டிச் சர்க்கரையைப் பொடித்துக் குழைத்து அவற்றுக்குக் கண் வைத்தேன். முட்டையை என்ன செய்வது? பழுப்பு முட்டையின்மேல் அழகுக்காக மூன்று வெள்ளைப் புள்ளி வைத்தேன். சேச்சி குனிந்து பார்த்துவிட்டு, "இது தேங்ஙயல்லே!" என்று கத்தினார். அப்படியே தேங்காய்தான். மூன்று கண்ணும் இருந்தது. சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை, எனக்கு நடுவில் கண்ணீரும் வந்தது.

மாமியாருக்கு ஒன்று கொண்டுபோய்க் காட்டினேன். தேங்காய் என்று தெரிந்ததும் சமையலறைக்குள்ளேயே விட்டார். இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பள்ளி முற்றத்தில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, என் கிழட்டுக் கோழிகளையும் தேங்காய்களையும் அடுக்கினேன். குழந்தைகளுக்கு ஈஸ்டர் முட்டை வெள்ளையாக இருக்கவேண்டும் என்ற சட்டமெல்லாம் தெரியாது. கொக்கொக்கென்று கத்திக்கொண்டு மொய்த்தார்கள். மதர் தூரத்தில் யாரோ பெற்றோரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒருவேளை தப்பித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்போது வந்தார் பலசரக்குக் கடைக்காரர். அவருடைய கடைசிப் பெண் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் டீச்சர் வேலை கேட்டிருப்பது பெற்றோர்களுக்குள் அதற்குள் பரவியிருந்தது. மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசைக்குள் சிரிப்பு ஓடியது. "அம்படீ பாண்டீ!" என்றார், முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "பஞ்சசாரயும் ஷர்க்கரயும் திரிச்சறியாத்த ஆளாணோ இவிடெ டீச்சராவான் போகுந்நது?" இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா இங்கே டீச்சர்? பெற்றோர்கள் சிரித்தார்கள். அவருடைய பெண்ணும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது.

கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தேன்.

"சேட்டனு நாணமில்லே?" என்றேன். "குஞ்ஞுங்ஙளுடெ மும்பில் வச்சாணோ ஆளைக் களியாக்குந்நது? மூணு கொல்லமாயி ஞான் நிங்ஙளுடெ கடேந்நு சாதனம் மேடிக்குந்நு. ஒரு திவசமெங்கிலும் என்னெ மனுஷ்யனாயிட்டு விளிச்சோ? தராசு நேரெ பிடிக்கான் அறியாத்த ஆளாணோ என்னெ பாஷ படிப்பிக்கான் வருந்நது?"

மூன்று வருஷமாக இவர் கடையில் வாங்குகிறேன், ஒரு நாளாவது என்னை மனுஷியாகக் கூப்பிட்டாரா? தராசு என்றதும் சிரித்த பெற்றோர்கள் பக்கம் மாறிச் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. அவர் கடைப் பருப்பில் இருக்கிற கல்லைப் பற்றி, மீசையைப் பற்றி, போன ஓணத்துக்கு விற்ற புழுத்த பயற்றைப் பற்றி, மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார், இன்னொரு அடி போனார், கடைசியில் தன் பெண்ணைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டார். எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மதர். எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ. அடிப்பாவி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மதர் ஒரு தேங்காயை எடுத்து, மூன்று கண்ணையும் உற்றுப் பார்த்து, பாதியைக் கடித்து நிதானமாக மென்றார்.

"வழக்குண்டாக்கான் மலையாளம் தாராளமுண்டல்லோ" என்றார். சண்டைக்கு உன் மலையாளம் தாராளம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜூணில் வா. பக்ஷே, இதில் பாதி சப்தம் மதி" என்றார். பாதிச் சத்தம் போதுமாம். தேங்காயின் மிச்சப் பாதியைத் தின்றுகொண்டே போய்விட்டார்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. சாயங்காலம் கணவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீ அந்தக் கடைக்காரன்கிட்ட என்னத்தப் பறஞ்சே? சாயாக்கடையில எல்லாரும் அதைச் சொல்லித்தான் சிரிக்கறா. ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு" என்றார்.

சொல்வதற்கு உட்கார்ந்தேன். அவரிடம் நான் எப்போதும் தமிழில்தான் பேசுவேன், தமிழில் ஆரம்பித்தேன். வெட்கமில்லையா என்று கேட்டேன் என்றேன். தராசைப் பிடிக்கத் தெரியாதவன் என்று சொன்னேன் என்றேன். சப்பென்று இருந்தது. அதற்கப்புறம் சொன்ன எதுவும் தமிழில் வரவே இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், ஒன்றிலும் காரம் இல்லை. அந்தக் கோபம் எனக்கு மலையாளத்திலேயே வந்திருக்கிறது, மலையாளத்திலேயே முடிந்தும் விட்டது. திருச்சியில் என் அம்மாவிடம் இதைச் சொன்னால்கூட அவளுக்குப் புரியப்போவதில்லை என்று நினைத்ததும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

அவர் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன, வேலை கிட்டலையா?"

"கிடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, இன்னும் பலமாக அழுதேன்.