எண்ணெய் டிரம்மில் துணி அவித்த காலம்

1. நடுமடிப்பு

ஆவியில் வைத்து எடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தேன். மேல்துணி கையைச் சுட்டது. நடுமடிப்பு குளிர்ந்தே கிடந்தது. அதன் தையலோரத்தில் சீலைப்பேன் சாவகாசமாக ஊர்ந்து போனது. காலையிலிருந்து விறகு வெட்டித் தண்ணீர் சுமந்தவள் நான். வந்த ஆத்திரத்தில் மூட்டையைத் தூக்கி அடுப்பிலேயே போட்டிருப்பேன். கூலிகளை வேலை வாங்கும் கங்காணி வீட்டு மூட்டை என்பதால் டிரசர் தடுத்துவிட்டார்.

அது ஜப்பான்காரன் காலம். மலாயாவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஆயா. டிரசர்தான் எங்களுக்கு டாக்டர் மாதிரி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஸ்மோக் ஹவுஸ் சும்மா கிடந்தது. சவுக்காரம் கண்ணில் பட்டே நாளாகிவிட்டது. ஆளுக்கு ஒரு துணி, அதுவும் கிழிந்தால் கோணிச்சாக்கு. கூலிகளின் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொறி, சிரங்கு, சீலைப்பேன்.

என் தம்பியைச் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். அவன் மனைவி செல்லம்மாவும் கைக்குழந்தையும் என் பொறுப்பு. குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு சீழ் வைத்துவிட்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகும். அதே மாதிரி சீழ் வைத்து அடுத்த லயத்தில் ஒரு பிள்ளை செத்திருந்தது. ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு டின் கந்தகக் களிம்பு.

"இந்த டின்ன இப்பத் தொறக்கமாட்டேன் ஆயா," என்றார் டிரசர். "இன்னிக்குத் தடவி, நாளைக்கு அதே துணியில படுத்தா மறுபடி ஒட்டிக்கும். மருந்தும் போச்சு, புள்ளையும் போச்சு. லயத்துத் துணி மொத்தமும் ஒரே நாள்ல சுத்தமாவட்டும். அன்னிக்கே எல்லாருக்கும் தடவிடலாம்."

அதற்குத்தான் டிரம். பழைய எண்ணெய் டிரம்மின் அடியில் தண்ணீர், அதற்கு மேலே மூங்கில் தட்டு, தட்டின்மேல் துணி, வாயை மூட ஈரச்சாக்கு. இட்லி அவிக்கிற கதைதான். ஆவி நன்றாகச் சூழ்ந்தால் பேனும் சாகும், அதன் முட்டையும் சாகும், சொறிப் பூச்சியும் சாகும்.

ஆனால் படுக்கைத் துணி, பிள்ளைத் துணி என்று முதலில் வந்ததெல்லாம் மூட்டையாக வந்தது. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுத் துணிமேல் படக்கூடாதாம். ஒவ்வொரு வீட்டுக்காரியும் கல்லு மாதிரி இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அதற்குள் ஆவி எப்படிப் போகும்?

2. பாக்கியம் அக்கா

மறுநாள் டிரம் முன்னால் நின்று சொல்லிவிட்டேன்: "முடிச்சுப் போட்ட துணிய உள்ள விடமாட்டேன். எல்லாத்தையும் உதறித் தளர்வாத்தான் போடணும்."

கங்காணி மனைவி பாக்கியம் அக்கா தன் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "என் சேலையும் கண்டவ சேலையும் ஒண்ணா வேவுறதா? அந்தப் பேச்சே வேணாம், அஞ்சலை."

அவர் திரும்பினால் அவர் வீடு இருக்கும் முதல் லயமே திரும்பிவிடும். பாதித் துணி அவிந்து பாதி அவியாவிட்டால் டின் திறக்காது. எனக்கு வேறு வழியில்லை.

"ஏன்க்கா, ஒங்க பேரன் பகல்ல எங்க கெடக்கான்?"

"ஆயாக் கொட்டாயில. எல்லாப் புள்ளையும் அங்கதானே கெடக்கு."

"செல்லம்மா புள்ளையும் அவனும் ஒரே தொட்டில்லதான் படுக்குதுங்க. அங்கப் போயி நடுவுல முடிச்சுப் போடுங்க பாப்போம்."

அவர் என்னை முறைத்தார். பேரனின் விரலிடுக்கில் சொறி இருந்தது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூட்டையைக் கீழே வைத்து அவிழ்க்கப் பார்த்தார். அவ்வளவு இறுக்கம், விரலுக்கு மசியவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார்.

3. ஸ்மோக் ஹவுஸ்

அதற்கு மறுநாள் லயத்துத் துணி மொத்தத்தையும் அவித்தோம். ஆண்கள் காலையிலேயே வேட்டியைக் கொடுத்துவிட்டுக் கோவணத்தோடு மரவள்ளிக் காட்டுக்குப் போனார்கள். பெண்களுக்கு ஸ்மோக் ஹவுஸ். முந்தின நாளே அவித்து வைத்த சாக்குகளைச் சுற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிரிப்பும் வசவும் வெளியே கேட்டன. டிரசர் அந்தப் பக்கமே வரவில்லை.

ஷீட் தொங்கவிடும் கம்புகளை வெளியே கட்டி, ஆவியில் ஊறிய துணிகளை அவற்றில் வெயிலில் போட்டேன். காய்ந்ததும் கதவிடுக்கு வழியாக ஒவ்வொன்றாக நீட்டினேன். கட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். செல்லம்மா மட்டும் வரவில்லை.

அவள் சேலை ஏற்கெனவே நைந்தது. ஆவியில் ஊறி, கம்பில் போடும்போதே என் கையில் இழை இழையாக வந்துவிட்டது. "அண்ணி, சாக்கோட நான் எப்படி வெளிய வருவேன்? டின்ன தொறந்துட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

பாக்கியம் அக்கா வாசலில் நின்றிருந்தார். சேலையைக் கட்டியாகிவிட்டது, போயிருக்கலாம். திரும்ப உள்ளே போனார். சர்ரென்று கிழிக்கிற சத்தம் கேட்டது.

"இந்தா, கட்டிக்க. பாதி போதும் எனக்கு. புள்ளையத் தூக்கிட்டு வா, மருந்து தீந்துடப் போகுது."

இரண்டு பேரும் முழங்காலுக்கு எட்டாத பாதிச் சேலையோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். டிரசர் டின்னைத் திறந்தார். அதே மாதத்தில் இன்னும் இரண்டு தடவை துணி அவித்தோம். சிரங்கு காய்ந்து உதிர்ந்த அன்று குழந்தை வீல் என்று கத்தியது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

சண்டை முடிந்து டவுன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே துணியை ஆவியில் அவிக்கிற ஆட்டோகிளேவ் மிஷின் இருந்தது. புதிதாக வந்த பிள்ளைகள் துணியை அமுக்கித் திணித்தால் வெளியே எடுத்து உதறிப் போடச் சொல்வேன். மிஷின் எவ்வளவு பெரிதானாலும் இறுக்கிக் கட்டியதற்குள் ஆவி போகாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கங்காணி வீட்டு மூட்டை தேவைப்பட்டது. அன்று தோட்டத்தில் அடுத்த தடவை துணி அவித்தபோது அந்த இரண்டு பாதிச் சேலைகளையும் ஒன்றாக உதறி டிரம்முக்குள் போட்டது பாக்கியம் அக்காதான்.