சூரியனைத் தொடாமல் எடுத்த படம்

என் மனைவி காலையில் சூரியனைப் பார்த்துக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொண்டால் வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் நடையாய் நடப்பாள். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் போதும், கை கூப்பிவிட்டு வந்து காப்பி போடுவாள். அது வேண்டுதலா என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டுதல்லாம் இல்ல. அவரு வராம நான் மட்டும் துன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். வீட்டுக்கு வரவேண்டிய ஒரு ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னாள்.

அப்படிப்பட்டவள் போன தீபாவளி முடிந்ததும் கனடாவுக்குப் போனாள். மகளுக்கு அங்கே பிரசவம். மருமகன் வேலைக்குப் போய்விட்டால் பக்கத்தில் ஆள் இல்லை. நானும் போயிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வண்டியை யார் ஓட்டுவது? நான் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளிலிருந்து கல் சிலைகளை ஏற்றிப்போய் இறக்குவது என் பிழைப்பு. சாமியைச் சுமக்கிற வண்டி என்பதால் குளிக்காமல் அதன் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பின்பக்கம் கிழக்கு. வேலிக்கு அப்பால் நெல் வயல், அதற்கப்பால் ஏரிக்கரை, கரைமேல் பனைமரங்கள். அந்த மரங்களுக்கு நடுவிலிருந்துதான் சூரியன் வரும். வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடுகிற கொடி. ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் அவள் குளித்துவிட்டுத் தன் பச்சைப் புடவையை அதில் போட்டாள். "சாயந்தரம் எடுத்து மடிச்சி வெச்சிடுய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் கார் ஏறினாள்.

விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பின்பக்கக் கதவைத் திறந்தேன். புடவை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எடுக்க மனம் வரவில்லை. மழை வந்தால் உள்ளே கொண்டுபோவேன், விட்டதும் மறுபடி அதே இடத்தில் போடுவேன்.

மார்கழி பிறந்தது. விடியுமுன்னே பஜனைக்காரர்கள் தெருவில் ஆர்மோனியத்தோடு வருவார்கள். நான் எழுந்து வாசலில் தண்ணீர் தெளிப்பேன். எனக்குக் கோலம் போடத் தெரியாது. மற்ற வீட்டு வாசல்களிலெல்லாம் பூசணிப்பூ வைத்திருக்க, எங்கள் வாசல் மட்டும் ஈரமாகக் கிடக்கும். கோயிலில் தொன்னையில் கொடுக்கிற வெண்பொங்கலை வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். பல நாள் அது மட்டும்தான். ஒருத்தனுக்காக உலை வைக்க என்னவோ கை போகவில்லை. மனைவி போனில் "துன்னியா?" என்று கேட்டால், "ஆச்சு, ஆச்சு" என்பேன்.

அந்த மாதத்தில்தான் மகள் பேசினாள். குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன.

"அப்பா, இங்க சூரியனே வர்றதில்ல. ஒரே ஸ்னோ. வூட்டு ஜன்னலுக்கு எதிருல இன்னொரு பில்டிங். அம்மா பகலு வரிக்கும் ஒண்ணும் துன்னாம உக்காந்துகினு கீது. சுகர் மாத்திரை போடணும், வெறும் வயித்துல எப்டி போடும்? நான் சொன்னா கேக்கல. நீயே பேசு."

மனைவி போனை வாங்கினாள். திட்டலாம் என்றுதான் நினைத்தேன். அவள் குரலைக் கேட்டதும் திட்ட வரவில்லை.

"இன்னா செய்யச் சொல்ற?" என்றேன்.

"நம்ம வூட்டாண்ட டெய்லி வர்றாரு இல்ல, அவர ஒரு போட்டோ புடிச்சி அனுப்புய்யா. நான் எழுந்ததும் அத்த பாத்து கும்புட்டுட்டு காப்பி குடிக்கிறேன்."

நமக்கு விடியும்போது அங்கே முந்தைய நாள் ராத்திரி. நான் அனுப்பி வைத்தால் அவள் எழுந்திருக்கும்போது போனில் தயாராக இருக்கும். அப்போது இங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கோயில் மணி அடிக்கிற வேலையை நம்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆனால் படம் சரியாக வரவில்லை.

கண்ணுக்குத் தங்கத் தட்டு மாதிரி எழும்புகிற சூரியன், போனில் ஒரு சிவப்புப் புள்ளியாகத்தான் விழுந்தது. வயல், ஏரிக்கரை, பனைமரம் எல்லாம் கரி. சாயங்காலம் அவள் கூப்பிட்டாள்.

"இன்னாய்யா இது, இருட்டுல கொசுவத்தி கொளுத்தி வெச்சாப்ல கீது?"

"சூரியன்தாம்மே."

"நீ சொன்னா சரி. ஆனா எனக்கு விடிஞ்சாப்லயே இல்லய்யா."

மறுநாளும் கொசுவத்திதான். அதற்கடுத்த நாள் பனி இறங்கி எல்லாம் வெள்ளையாக மூடிக்கொண்டிருந்தது. வெள்ளையைத்தானே எடுக்கிறோம், இன்றைக்காவது வெளிச்சமாக வரும் என்று எடுத்தேன். சிமெண்ட் மூட்டையை உதறிய மாதிரி சாம்பல் நிறத்தில் வந்தது. அதையும் அனுப்பினேன். "அங்க இன்னாத்த கொளுத்துறாங்கோ?" என்று கேட்டாள். அவளும் அங்கே ஜன்னல் வழியாக எடுத்த ஒரு படத்தை அனுப்பியிருந்தாள். அதிலும் தரையெல்லாம் அதே சாம்பல். ஸ்னோ என்றால் அழுக்காகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் மறுபடியும் பகல்வரை பட்டினி கிடக்கிறாள் என்று மகள் சொன்னாள். என் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறாளாம். ஆனாலும் போய் ஜன்னலண்டை நின்றுகொண்டு, "கொஞ்சம் நேரம் பாக்கலாம்" என்கிறாளாம். கூட இருந்து ஒரு வாய் ஊட்டிவிட முடியாது. ஒரு படம்தான் அனுப்ப முடியும். அதுவும் வரவில்லை என்றால் நான் எதற்கு?

அந்த வாரத்தில் ஒரு நாள் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்குப் பிள்ளையார் சிலை இறக்கவேண்டியிருந்தது. விடியுமுன்னே இறக்கிவிட்டதால் கடற்கரைக்குப் போனேன். கடலிலிருந்து எழும்பும்போது எடுத்தால் நன்றாக விழுமோ என்று ஒரு ஆசை. படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. சூரியன் தலை காட்டியதும் போனை நீட்டினேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். டூரிஸ்டுகளைப் படம் பிடித்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கிற ஆள். மங்கி குல்லா, கழுத்தில் கேமரா, தோளில் பிரிண்டர் பை. என் வயதுதான் இருக்கும்.

"இன்னா அண்ணாத்த, அது போனா, கற்பூரத் தட்டா?"

எனக்குப் புரியவில்லை.

"இன்னொரு தபா எடு, பாக்கலாம்."

எடுத்தேன். அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன். திரையில் சூரியன் வந்ததும், வலது கை விரல் தானாகப் போய் அதைத் தொடுகிறது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் பொத்தானை அமுக்குகிறேன். வண்டியில் ஒட்டியிருக்கிற முருகன் படத்துக்குச் செய்கிறதை இதற்கும் செய்திருக்கிறேன். எத்தனை நாளாகச் செய்தேனோ, எனக்கே தெரியாது.

"நீ எத்த தொடுறியோ அத்த பாத்துதான் போனு வெளிச்சத்த கணக்கு போடும்," என்றார் அவர். "நீ நேரா போயி சூரியன் மேல வெரல வெக்கிற. அதுக்கு கண்ணு கூசிப்போயி மொத்தத்தையும் இருட்டாக்கிடுது. எங்கிட்ட வர்ற பார்ட்டிங்கல்லாம் இன்னா இன்னாவோ தப்பு பண்ணுவாங்கோ. சாமி கும்புட்டு படத்த கெடுத்தவன் நீ ஒருத்தன்தான் அண்ணாத்த."

நானும் சிரித்துவிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

திரையில் தரை தெரிகிற இடத்தைத் தொட்டு எடுத்துக் காட்டினார். மணலும் படகும் தெரிந்தன. ஆனால் சூரியன் உருகி வெறும் வெள்ளையாகிவிட்டது. ரெண்டும் வேண்டும் என்றேன்.

"ரெண்டும் வோணும்னா பனி நாளா பாத்து எடு. பனி மூடினா அவரு சாந்தமா வருவாரு, நம்ம கண்ணாலயே நேரா பாக்கலாம்."

"பனியில எடுத்தா சாம்பலா வருதே?"

"வெள்ளையா இருக்கிற எத்த பாத்தாலும் போனுக்கு ஓவர் வெளிச்சம்னு நெனப்பு. கொறச்சிடும். இது வெள்ளைதாண்டான்னு நீதான் அதுக்கு சொல்லணும். பனிய தொடு. பக்கத்துல ஒரு குட்டி சூரியன் வருது பாரு? அத்த மேல தள்ளு. ரொம்ப தள்ளாத, வெளுத்துடும்."

தொட்ட இடத்தில் வந்த கட்டத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு குட்டிச் சூரியன் இருந்தது. மேலே தள்ளினால் வெளிச்சம் ஏறியது, கீழே இழுத்தால் இறங்கியது. இத்தனை நாள் என் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. டீ வாங்கிக் கொடுக்கலாம் என்று கேமராக்காரரைக் கூப்பிட்டேன். "பார்ட்டி வந்துகினு கீறாங்கோ, போயிட்டு வா" என்று ஓடிவிட்டார்.

வண்டியில் உட்கார்ந்தபடியே மகளுக்கு இதைச் சொல்லி ஒரு வாய்ஸ் அனுப்பினேன். அன்று சாயங்காலம் அவளிடமிருந்து படம் வந்தது. அதே ஜன்னல், அதே தரை. இப்போது வெள்ளை வெளேரென்று இருந்தது. மரத்தில் வெள்ளை, கார் மேல் வெள்ளை. அவ்வளவு வெள்ளைக்கு நடுவிலா அவள் இருக்கிறாள் என்று திடுக்கிட்டுப் போனேன். சாம்பலாக இருந்தபோது ஏதோ நம் ஊர் மாதிரி, பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. வெள்ளையாகப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு தூரம் என்று உறைத்தது. மறுநாள் காலையில் கோயில் பொங்கலைக்கூடச் சாப்பிட முடியவில்லை.

பனிக்காகக் காத்திருந்தேன். தை பிறக்கிற சமயத்தில் ஒரு காலை நல்ல பனி. வேலிக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. பனைமரங்கள் நிற்கிற இடம் மட்டும் லேசாகக் கறுத்திருந்தது. இந்தத் தடவை உடனே போனை எடுக்கவில்லை. முதலில் கை கூப்பிக் கும்பிட்டு முடித்தேன். கைக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டால் பிறகு அது சும்மா இருக்கும் என்று ஒரு எண்ணம். சூரியன் வந்தார். கேமராக்காரர் சொன்ன மாதிரியே சாந்தமாக, கழுவி வைத்த வெள்ளித் தட்டு மாதிரி. பனியைத் தொட்டேன். குட்டிச் சூரியனைக் கொஞ்சம் மேலே தள்ளினேன். சாம்பல் மெல்ல வெளுத்துப் பனி நிறத்துக்கு வந்தது. அங்கேயே நிறுத்தி எடுத்தேன்.

கண்ணால் பார்த்தது அப்படியே இருந்தது. பனைமரம், வரப்பு, வேலி முள்ளில் நிற்கிற ஈரம்வரை தெரிந்தது. சந்தோஷத்தில் ஓரத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்காமலேயே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. படம் எப்படி என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். குழந்தை சிணுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாம்மே, சரியா வர்லியா?"

"நல்லா வந்துகீதுய்யா. விடிஞ்சிடிச்சி." பிறகு கேட்டாள்: "கொடியில இருக்கிறது என் பொடவதானே?"

பின்பக்கக் கதவு வழியாகக் கொடியை எட்டிப் பார்த்தேன்.

"பச்சப் பொடவய்யா அது. நான் கெளம்புன அன்னிக்கு போட்டது. வெளுத்து நூலா போயிருக்கு. இத்தினி நாளு எடுக்கவேல்லியா?"

"மறந்துட்டேன்."

"பொய் சொல்லாத. நீ வூட்ல அடுப்பு பத்த வெக்கிறியா?"

"கோயில்ல பொங்கலு தராங்கோ..."

இருட்டாக வந்த படங்களிலெல்லாம் அந்தக் கொடி இருந்துதான் இருக்கிறது. அவள் கண்ணுக்குப் படவில்லை. வெளிச்சம் சரியான அன்றைக்கு அதுவும் தெரிந்துவிட்டது. அவள் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவேண்டும் என்றுதான் இத்தனை பாடும் பட்டேன். இப்போது நானே அவள் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது.

"பொண்ணு இன்னும் ஆறு மாசம் இருன்னுது," என்றாள் மெதுவாக. "நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு. வரட்டா?"

வா என்று சொல்ல ஒரு எழுத்துதான். நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை மறுபடி சிணுங்கியது. அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதைத் தட்டுவது எனக்குக் கேட்டது.

"கொழந்தைக்கு தல நிக்கட்டும்மே. அப்பறம் பாக்கலாம்."

"அப்டியா சொல்ற?"

"ஆமா."

"சரி. பொடவைய எடுத்து மடிச்சி வையி. மானம் போவுது."

அன்றைக்கே எடுத்தேன். ஒரு பக்கம் பச்சை, வெயில் பட்ட பக்கம் வெளிர் மஞ்சள். மடித்து அவளுடைய பீரோவில் வைத்தேன். மறுநாள் காலையும் நல்ல பனி. அதே மாதிரி கும்பிட்டு, அதே மாதிரி எடுத்து அனுப்பினேன். முந்தின நாள் படத்தைவிட நன்றாகவே வந்திருந்தது.

சாயங்காலம் அவள் சொன்னாள்: "படம் வெறிச்சினு கீதுய்யா."

"நீதானே எடுக்க சொன்ன."

"சொன்னேன். நாளைக்கி திரும்ப போடு."

"காப்பி குடிச்சியா, மாத்திரை போட்டியா?"

"எல்லாம் ஆச்சு. எழுந்ததும் பாத்தேன், கும்புட்டேன், துன்னுட்டேன். நீ துன்னியா?"

வழக்கமான பதில்தான் வாயில் வந்தது. ஆனால் படம் வெளிச்சமாகப் போக ஆரம்பித்த பிறகு அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று பட்டது.

"இன்னும் இல்லம்மே," என்றேன்.

அவள் திட்டவில்லை. "போனை வெக்காத. போயி அரிசிய களை. நான் கேட்டுகினு இருக்கிறேன்" என்றாள். போனை அடுப்பங்கரை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அரிசி அளந்தேன். கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு அளந்துவிட்டது. கொஞ்சத்தைத் திரும்பக் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்தேன்.