சுயம்புலிங்கத்தின் முப்பத்திரண்டு பங்குகள்

இரணியல் தபாலாபீசில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சுயம்புலிங்கத்துக்கு. அவரிடம் ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியின் முப்பத்திரண்டு பங்குகள் இருந்தன. 1956 ஆகஸ்டில் அவற்றை விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி வந்தது. மகள் ஞானம் அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஜூனில் அவள் கல்லூரிக்குப் போவதா, வீட்டில் ஓலை முடைவதா என்பது அந்தப் பதிலைப் பொறுத்திருந்தது.

பங்கு என்ற சொல்லே அவர் மனைவி நாகம்மைக்குப் பிடிக்காது. காரணம் இருந்தது. 1947இல் சாதிப் பெரியவர் ஒருவர் தீப்பெட்டிக் கம்பெனி தொடங்கினார். கோயில் திருவிழாப் பந்தலிலேயே மேசை போட்டுப் பங்கு விற்றார்கள். எத்தனை எந்திரம், மரம் எங்கிருந்து வரும், சரக்கை யார் வாங்குவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்மவர் தொடங்குகிறார், நாம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். பெண் கொடுக்கச் சாதி பார்த்தவர்கள், பணம் கொடுக்கவும் அதையே பார்த்தார்கள். நாகம்மையின் இரண்டு காப்புகளும் அதில் போயின. இரண்டே வருஷத்தில் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. பெரியவர் மட்டும் கார் வாங்கினார். அவரைத் தட்டிக்கேட்க யாருக்கும் நா எழவில்லை. சாதிக்கு இழுக்காம்!

சுயம்புலிங்கம் அழவில்லை. தான் எங்கே தவறினோம் என்று யோசித்தார். அவர் கடிதம் கொடுக்கும் வழியில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் வீடு இருந்தது. கோயில் கதவு எல்லாச் சாதிக்கும் திறந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் அந்த வீட்டு வாசல் படிப்புரைகூடச் சுயம்புலிங்கத்துக்குத் திறக்கவில்லை. கடிதங்களை மதில்மேல் வைத்துவிட்டு வரவேண்டும். ஒருநாள் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கை குப்பையில் கிடந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"கம்பெனிக் கணக்கு உனக்கெதுக்குடே? சுண்டல் பொதியவா?" என்று சிரித்தார் தாசில்தார்.

மிஷன் பள்ளியில் நாலாம் பாரம் வரை படித்த இங்கிலீஷ் சுயம்புலிங்கத்துக்கு இருந்தது. எடுத்து வந்த அறிக்கையை அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தார். ரப்பர் மரம் பால் தர ஏழு வருஷம் ஆகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பங்குக்காரர்களுக்கு எவ்வளவு லாபம் கொடுத்தார்கள் என்று அவர் முதலில் பார்க்கவில்லை; அந்த வருஷம் எத்தனை ஏக்கரில் புதுக்கன்று நட்டார்கள் என்று பார்த்தார். கிழட்டு மரத்தைப் பாலுக்காக ஒட்டச் சீவி, கன்று நடாமல், பங்குக்காரர்களுக்கு அள்ளிக் கொடுக்கும் கம்பெனி தன் தசையைத் தானே தின்கிறது. குறைவாகக் கொடுத்தாலும் கன்று நடும் கம்பெனி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஜாதகம் வேண்டாம். இரண்டு வருஷத்து அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அப்படித் தேர்ந்த ஒரு கம்பெனியில் 1950 முதல் வருஷத்துக்கு நாலைந்து பங்காக வாங்கினார். வீட்டில் அடுத்த விளைச்சல் வரைக்குமான நெல் கிடந்த பிறகுதான் வாங்குவார். கடன் பட்டு ஒன்றுகூட வாங்கியதில்லை. கொரியாவில் சண்டை வந்தபோது விலை ஏறியது, பிறகு இறங்கியது. இரண்டுக்கும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கடிதம் கொடுக்கத்தான் போனார்.

ஆகஸ்டில் வந்தான் டைட்டஸ். நாகர்கோவிலில் கமிஷன் வியாபாரம் செய்பவன், நல்ல வாய்.

"நவம்பர் ஒண்ணாந்தேதி நாம மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போறோமா இல்லியா? கம்பெனி பதிஞ்சது எங்க? திருவனந்தபுரத்துல. பொறவு உம்ம கையில இருக்கது வெறும் கடலாசுத் தாளாக்கும். சக்கரம் செல்லாமப் போனத மறந்தாச்சா? பங்குக்கு மூணு ரூபா வச்சுத் தாறேன்."

பத்து ரூபாய்ப் பங்கு. முந்தின மாதம் வரை பதின்மூன்றுக்குப் போனது. ஆனால் சக்கரம் என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் அத்தனை பலம் இருந்தது. சமஸ்தானம் போன கையோடு அதன் பழைய நாணயமான சக்கரம் செல்லாமல் போனதை எல்லோரும் கண்டவர்கள். நாணயம் அரசாங்கத்தின் வாக்கு. பங்கோ தோட்டத்தின் ஒரு துண்டு. எல்லைக்கல்லை நகர்த்தினால் மரம் பால் தராமல் போய்விடுமா? இந்த வித்தியாசத்தை யாரும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவில்லை. தமிழ் மண் தமிழரோடு சேரப் பாடுபட்ட ஊர், அந்த வெற்றியைப் பார்த்தே பயந்து தன் சொத்தைக் காலணா விலைக்கு விற்றது.

பக்கத்து வீட்டுக் கருப்பட்டி வியாபாரி பகவதியப்பன் தன் அறுபது பங்கையும் விற்கக் கிளம்பினார்.

"கொஞ்சம் பொறும். கம்பெனியில கேட்டுக்கிட்டு வாறேன்," என்றார் சுயம்புலிங்கம்.

"என்னவே கேக்கது? டைட்டஸ் நம்ம ஆளு. நம்மள ஏமாத்துவானா?"

"தீப்பெட்டிக் கம்பெனிக்காரரும் நம்ம ஆளுதான்."

"உமக்கு எதுலயும் குத்தம்தான்வே!" என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் நாகம்மை விடவில்லை. "மூணு ரூவாண்ணா மூணு ரூவா. பிள்ளைக்க படிப்புக்கு அதாவது கெடைக்கட்டு. என் காப்பு போனப்பவும் நீங்க இப்பிடித்தான் வாயடச்சு இருந்திய."

"அப்ப நான் ஒண்ணும் படிச்சுப் பாக்கேல. இப்ப பாத்திருக்கேன்."

"பாத்தது நீங்க. பட்டினி நாங்க ரெண்டுபேரும்."

முப்பத்திரண்டும் அவர் பேரில்தான் இருந்தன. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தவள் பேரில் ஒன்றுகூட இல்லை. அறிவாளிகளும் வசதியாக மறக்கிற அநியாயம் இது.

அக்டோபரில் கம்பெனியின் ஆண்டுக்கூட்டம் திருவனந்தபுரத்தில் நடந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காக்கிச் சட்டையோடே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். இங்கிலீஷில் எல்லாம் முடிந்து காப்பி வரும் நேரத்தில் எழுந்தார்.

"நவம்பருக்குப் பொறவு எங்க பங்கு செல்லுமா, செல்லாதா?"

சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தலைவர் சொன்னார்: "கம்பெனிச் சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான். ராஜ்ய எல்லை மாறினால் பங்கு மாறாது."

"ஊரெல்லாம் செல்லாதுண்ணு வாங்கிக்கிட்டு நடக்கானே ஒருத்தன், உங்களுக்குத் தெரியாதா?"

"வதந்தி எங்கள் காதுக்கும் வந்தது."

"ஒரு போஸ்ட் கார்டுல எழுதிப் போட்டா நான் வீடுவீடாக் கொண்டு குடுத்திருப்பேனே? ஏன் எழுதேல?"

தலைவர் காப்பியைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். காப்பி வந்தது.

பங்குதாரர் பதிவேட்டைப் பார்க்கத் தனக்கு உரிமை உண்டு என்பது அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் கம்பெனி ஆபீசுக்குப் போய்க் கேட்டார். குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போட்டான். ஆகஸ்டுக்குப் பிறகு கைமாறிய பங்குகளில் பெரும்பாலானவை இரண்டு பேருக்குப் போயிருந்தன: ஒன்று ஒரு டைரக்டரின் மருமகன், மற்றது இன்னொரு டைரக்டரின் மனைவி. பகவதியப்பனின் அறுபதும் அங்கே இருந்தன.

வீட்டுக்கு வந்து நாகம்மையிடம் சொன்னார். அவள் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள், கை நின்றது.

"அப்ப கடலாசு செல்லும்?"

"செல்லும்."

"மரமும் நல்ல மரம்?"

"நல்ல மரம். இந்த வருஷமும் நாப்பது ஏக்கர் நட்டிருக்கானுவ."

"ஆனா தோட்டத்துக்குக் காவல் நிக்கவன் களவாணி. சொந்தப் பங்காளியப் பயங்காட்டிப் புடுங்குனவன், நாளைக்குக் கணக்குல புடுங்க மாட்டானா? அத நீங்க எந்தப் பொஸ்தகத்துல படிப்பிய?"

ஆறு வருஷம் ஏக்கரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கேள்வி உறைத்தது. மரம் தானாகப் பணம் அனுப்புவதில்லை. இடையில் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சாதி என்பது கேள்வியே அல்ல. தெரிந்ததைப் பங்குதாரரிடம் சொல்லுகிறவர்களா, மறைக்கிறவர்களா என்பதுதான் கேள்வி.

"இப்ப விக்கப்பிடாது," என்றார். "பயந்து விக்கது அவனுக்குக் கொண்டு குடுக்கதாக்கும். விலை நிமிரட்டு. பொறவு வித்துருவோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நவம்பர் ஒன்று வந்தது. வெடி போட்டார்கள், கொடி ஏற்றினார்கள். பங்கு செல்லாமல் போகவில்லை. டிசம்பரில் டைட்டஸ் பங்குக்குப் பதினான்கு ரூபாய் தருவதாகச் சொல்லிக்கொண்டு அதே தெருவில் வந்தான்; சுயம்புலிங்கம் முப்பத்திரண்டையும் விற்றார். பகவதியப்பன் அவன் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே, எனக்கு மூணு, அவருக்குப் பதினாலா?"

"வியாபாரம்ணா அப்பிடித்தான் அண்ணாச்சி. நானா உம்ம கையைப் பிடிச்சு ஒப்புப் போட வச்சேன்?" என்று கையை உதறிவிட்டான்.

எழுத்தில் எதுவும் இல்லாமல் இவனைப் பிடிக்கச் சட்டத்தில் வழி இல்லை. அவனை அனுப்பிய டைரக்டர்கள் அடுத்த கூட்டத்திலும் மேடையில்தான் இருப்பார்கள். பகவதியப்பனை அழைத்துக்கொண்டுபோய், பதிவேட்டில் கண்ட பெயர்களை எழுதி, பத்திரிகைக்கும் சர்க்காருக்கும் சுயம்புலிங்கம் மனுப் போட்டார். பதில் வந்ததாகத் தெரியவில்லை.

விற்ற பணம் வந்ததும் இரண்டாகப் பிரித்தார்கள். ஞானத்தின் படிப்புக்கான பகுதி தபாலாபீஸ் சேமிப்பில் போயிற்று. அடுத்த வருஷம் வேண்டிய பணத்தை ஏறி இறங்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்று அவர் சொன்னபோது, "இத ஆகஸ்டிலயே சொல்லியிருந்தா நான் உறங்கியிருப்பேன்," என்றாள் நாகம்மை. அவர் ஒப்புக்கொண்டார்.

மீதி நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு அவர் மூன்று கம்பெனிகளின் அறிக்கையை வரவழைத்தார். ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைத்தது போதும் என்று தோன்றியிருந்தது. பங்கு மனுத்தாள்களை நாகம்மையின் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தார்.

"எதுக்கு எனக்க பேரு?"

"கூட்டத்துக்கு நீயும் வரணும்லா. நான் மரத்தப் பாக்கேன். நீ ஆளுவளப் பாரு."

அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல வாசிச்சுச் சொல்லுங்க," என்றாள். "ஒண்ணு விடாம."