பினாங்கு வழக்கம்

எங்கள் மாமா கப்பலில் பட்லராக இருந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். மூன்று வருஷம் கழித்துத் தூத்துக்குடியில் இறங்கி அவர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவர் கொண்டுவந்த சாமான்களை அன்றே வரிசைப்படுத்தி எழுதிவைத்தேன்: தகரப் பெட்டி ஒன்று, குடை ஒன்று, சீனக் கோப்பை நான்கு, அதில் காது உடைந்தது ஒன்று. எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும். இன்று ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்கு அந்தப் புத்தி உதவுகிறது. அன்று அது என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா வாயைத் திறந்தால் எந்த ஊரும் தப்பாது. சீமையில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் குளியல். ஒரே தொட்டித் தண்ணீரில் குடும்பமே ஒவ்வொருவராக இறங்கும், கடைசியில் இறங்குகிறவன் முன்னைவிட அழுக்காக எழுந்து வருவான் என்பார். ரங்கூனில் பெண்கள் கத்திரிக்காய்ப் பருமனில் சுருட்டுப் பிடிப்பார்களாம். ஒருத்திக்கு இவர் நெருப்புக் கொடுத்ததற்குப் புருஷன்காரன் வந்து கும்பிட்டுவிட்டுப் போனானாம். ஜப்பானில் இரண்டு பேர் தெருவில் சந்தித்தால், கடைசியாகக் குனிவது யார் என்று தீர்வதற்குள் ரயில் போய்விடுமாம். சொந்த ஊரையும் அவர் விடவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது, "நம்ம கோயில்ல செருப்பு வெளிய கெடக்கும், சாதி மட்டும் உள்ள வந்து முன் பெஞ்சுல உக்காந்துக்கிடும்" என்றார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவான அப்பா இருமினார். அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் மறுபடி கப்பலேறிவிடக் கூடாது என்பது அம்மாவின் கவலை. அதற்கு அவள் கண்ட வழி கல்யாணம். பெண் என் வகுப்பு டீச்சரம்மாவேதான். தாய் தகப்பன் இல்லாமல் பள்ளி விடுதியில் வளர்ந்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர். வயது இருபத்தாறு. அந்த வயதில் ஒரு வரன் கிடைத்ததே பெரிது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணக்கப்போகிறார்கள், தடை சொல்ல யாரும் உண்டா என்று குருவானவர் கேட்பார். முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் யாரும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் எங்களை அதட்டுகிற டீச்சரம்மா, அந்த இரண்டாம் ஞாயிறு பாட்டு எண் எதுவென்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் பூகோள வகுப்பில், பிற தேசத்து வழக்கங்களில் தெரிந்ததை எழுதச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் விழித்தார்கள். நான் சிலேட்டின் இரண்டு பக்கமும் நிரப்பினேன். டீச்சரம்மா படித்துக்கொண்டே வந்தார். சீமைத் தொட்டிக்குச் சிரித்தார், ரங்கூன் சுருட்டுக்கு வாயைப் பொத்திக்கொண்டார். ஆறாவது வரியில் நின்றார். நான் எழுதியிருந்தது இது: பினாங்கில் தகப்பன் கப்பலுக்குப் போகும் நாளில், பிள்ளை அவன் தொப்பியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும்.

"அங்க எல்லாப் பிள்ளையளும் இப்படிச் செய்யுமா?" என்று கேட்டார்.

தெரிந்தது எதையும் விட்டுவிடக் கூடாது எனக்கு. "ஆமா டீச்சரம்மா. இடது கையாலதான் மூடியத் தெறக்குமாம். மாமா செஞ்சு காட்டுனாங்க. அடுத்த மாசம் அதுக்கு மூணு வயசு ஆகுதாம்" என்றேன்.

அவர் முந்தானையை எடுத்துச் சிலேட்டைத் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்துவிட்டு மறுபக்கமும் துடைத்தார். மார்க்குப் போடவில்லை. போய் உட்காரச் சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. தமக்கு இஷ்டமில்லை என்று டீச்சரம்மா குருவானவரிடம் சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டதற்கு அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லையாம். அம்மா கொதித்தாள். "கப்பல்ல எச்சித் தட்டு கழுவுதவன்னு எளக்காரம். நாதியத்து நின்னவளுக்கு எம்புட்டுக் கர்வம் பாத்தீயளா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். என் பங்குக்கு நானும் ஒரு சாட்சி கொடுத்தேன்: என் சிலேட்டை மார்க்கே போடாமல் அழித்துவிட்டார் என்று. சின்னப் பிள்ளையிடம்கூட வன்மம் காட்டியிருக்கிறாள் என்று அம்மா அதையும் சேர்த்துக்கொண்டாள்.

பின்கட்டில் சவரம் செய்துகொண்டிருந்த மாமாவுக்கு அது கேட்டது. என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, சிலேட்டுல என்ன எழுதுன?"

வரிசை மாறாமல் ஒப்பித்தேன். ஆறாவதுக்கு வந்தபோது கத்தி நின்றது. பாதி முகத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. வயசையும் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன், பெருமையாக. கத்தியை மடக்கி வைத்துவிட்டு, "டீச்சரம்மா மேல தப்பு இல்லட்டி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அடுத்த அறையில் அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் அவர் அதைச் சொல்லவில்லை. நான்காம் நாள் தூத்துக்குடிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

இப்போது அந்தப் பட்டியலை மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். மாமா கேலி செய்யாத ஊர் அதில் ஒன்றே ஒன்றுதான். ஒரு தேசத்து வழக்கத்துக்கு அடுத்த மாதம் மூன்று வயது ஆகாது. பினாங்கில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தது. டீச்சரம்மா ஒரு நிமிஷத்தில் கண்டுகொண்டார். எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. தடையை அவர் சபையில் சொல்லியிருந்தால் மாமாவின் பெயர் போயிருக்கும், எங்கள் வீட்டின் பெயரும் போயிருக்கும். யார் சொன்னது என்று கேட்டால் என்னைக் காட்டவேண்டியிருக்கும். அதற்குப் பதில் கர்வக்காரி என்ற பெயரைத் தாமே வைத்துக்கொண்டார். பிறகு வேறு வரன் வரவில்லை. மாமா மௌனமாக இருந்தார். எனக்கு ஒன்பது வயது, அவருக்கு முப்பது. போன மாதம் டீச்சரம்மா இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். வேளைக்கு எத்தனை கரண்டி என்று புட்டியில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அதை மட்டும்தான் எழுதினேன்.

மாமா போன அந்த வாரம் முழுவதும் வகுப்பில் நான் டீச்சரம்மாவுக்கு வணக்கம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமை என் வெறும் சிலேட்டை வாங்கி, "அன்னைக்கு எழுதுனதுக்கு" என்று பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தார். செய்த தப்பு அவருக்கே உறைத்துவிட்டது என்று நினைத்து, பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தேன்.